'அந்தப் பையன்தானே நீங்கள்?'

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எனக்கு 39 வயது. சேலத்தில் மாமனாரின் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு தமிழ்ப் படத்தில் பள்ளி மாணவனாக நடித்தேன். முக்கியமான பாத்திரம். படம் நூறு நாள் ஓடியது. அடுத்து நடித்த இரண்டு படங்களும் ஓடவில்லை. 21 வயதுக்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. இன்றும் டீக்கடையிலோ பஸ்ஸிலோ யாராவது, 'அந்தப் பையன்தானே நீங்கள்?' என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொன்னதும், 'இப்போது என்ன செய்கிறீர்கள்?' என்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்தே பல நேரம் 'நான் இல்லை' என்று சொல்லிவிடுகிறேன். கடைக்குக் கொள்முதல் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மாதம் ஒருமுறை இரவு பஸ்ஸில் சென்னைக்குப் போய் ஆடிஷன் கொடுத்துவிட்டு வருகிறேன். சென்ற ஆண்டு வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 60,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். அதுவும் அவளுக்குத் தெரியாது. ஹாலிவுட் நடிகர் கீ ஹுய் குவான் 51 வயதில் ஆஸ்கர் வாங்கவில்லையா? நானும் காத்திருந்தால் என்ன? இதற்கிடையில் பழைய பழக்கத்தில் ஓர் இணை இயக்குநர், 12 வயதான என் மகளை நடிக்கக் கேட்கிறார். கேட்டதும் மனம் துள்ளியது. அப்படித் துள்ளியதே பயமாகவும் இருக்கிறது. இரவில் தூக்கம் இல்லை. இன்னொன்று: நூறு நாள் ஓடிய அந்தப் படத்தில் எனக்கு வேறொருவர்தான் குரல் கொடுத்தார். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் நேராகக் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கீ ஹுய் குவானின் கதையை நீங்கள் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். விடுபட்ட பாதியில்தான் உங்களுக்குத் தேவையானது இருக்கிறது.

அவர் சைகோனில் 1971இல் பிறந்தவர். குடும்பம் வியட்நாமிலிருந்து அகதியாகத் தப்பி, ஹாங்காங் முகாமில் இருந்து, பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. தம்பியின் ஆடிஷனுக்குத் துணையாகப் போனவர், அவனுக்கு ஓரமாக நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டு, 1984இல் வெளியான இந்தியானா ஜோன்ஸ் படத்தில் சிறுவனாக நடித்தார். அந்தப் படத்தின் காட்சிகள் பலவும் இலங்கையில் கண்டிக்கு அருகில் எடுக்கப்பட்டவை. அடுத்த ஆண்டே 'த கூனீஸ்'. 14 வயதுக்குள் உலகம் முழுவதும் தெரிந்த முகம். அதன் பிறகு, உங்களுக்கு நடந்ததுபோலவே, அழைப்புகள் குறைந்துகொண்டே வந்தன. ஆசிய முகம் கொண்ட ஓர் இளைஞனுக்கு அன்றைய ஹாலிவுட்டில் எழுதப்பட்ட பாத்திரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவருடைய திறமைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள். அவர் காத்திருக்கவில்லை. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்தார். சண்டைக்காட்சி அமைப்பவரின் குழுவில் சேர்ந்து 2000இல் வெளியான 'எக்ஸ்-மென்' படத்தில் வேலை செய்தார். வாங் கர்-வாய் இயக்கிய '2046' படத்தில் உதவி இயக்குநராக இருந்தார். நடிப்பை விட்டுவிட்டு, கேமராவுக்குப் பின்னால் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு, அதில் சம்பாதித்து வாழ்ந்தார். ஆசிய நடிகர்கள் நிறைந்த ஒரு ஹாலிவுட் படம் 2018இல் வெற்றி பெற்றதைப் பார்த்த பிறகுதான், காலம் மாறியிருக்கிறதோ என்று மறுபடி முயன்றார். 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தில் நடித்து முடித்த பிறகும், அது 2022இல் வெளியாகும்வரை வேறு வாய்ப்பே வரவில்லை என்றும், மருத்துவக் காப்பீட்டைக்கூட இழந்ததாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2023 மார்ச்சில் ஆஸ்கர் மேடையில் அவர் அழுததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கண்ணீருக்குப் பின்னால் வேறு வேலை செய்து வாழ்ந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருக்கின்றன.

அவர் ஒருவர் திரும்பி வந்தார் என்பதையே ஆதாரமாக வைத்துக்கொண்டு நீங்கள் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. திரும்பி வராதவர்களை யாரும் மேடையேற்றிப் பேச வைப்பதில்லை. அதனால் நமக்கு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

இங்கே உங்கள் உறவினர்கள் வேறொரு பெயரைச் சொல்லியிருப்பார்கள். 'கமலும் சின்னப் பையனாகத்தானே நடிக்க வந்தார்' என்று. என்னிடம் ஆலோசனைக்கு இப்படி வரும் எவர் வாயிலிருந்தும் நான் ஒரு முறையாவது கேட்டுவிடும் வாக்கியம் இது. 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வுக்கும் 1970களில் அவர் வளர்ந்த நடிகராக நிலைபெற்றதற்கும் இடையில் டி.கே.எஸ். நாடகக் குழு இருந்தது, நடனப் பயிற்சி இருந்தது, நடன இயக்குநரிடம் உதவியாளராக வேலை பார்த்த நாட்கள் இருந்தன. அதைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்பவர்கள் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

இப்போது உங்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். உங்கள் கடிதத்தில் 'நான் தோற்றுவிட்டேன்' என்ற தொனி வரிக்கு வரி இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. நீங்கள் நடிக்க வந்தது 2000களின் தொடக்கத்தில். பள்ளிச் சீருடை, முதல் காதல், டியூஷன், சைக்கிள் என்று படங்கள் வரிசையாக வந்த காலம் அது. சில ஆண்டுகளில் அந்தக் காற்று திரும்பிவிட்டது. 2007இல் 'பருத்திவீரன்', 2008இல் 'சுப்ரமணியபுரம்' என்று மதுரைப் பக்கத்து மண்ணும் தாடியும் வந்தன. மீசை சரியாக முளைக்காத, நகரத்துப் பள்ளிக்கூட முகம் யாருக்கும் தேவைப்படவில்லை. உங்களை அந்த முதல் படத்துக்குத் தேர்ந்தெடுத்ததே அந்த வயதுக்காகத்தான். வயது போனதும் வேலையும் போனது. 21 வயதில் நீங்கள் வேலை இழந்த ஒரு தொழிலாளி. தறி நின்றுபோன நெசவாளியை யாரும் 'நெய்யத் தெரியாதவன்' என்று சொல்வதில்லை. உங்களை மட்டும் ஏன் அப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள்?

இந்த விதிக்குப் பெரிய நட்சத்திரங்களும் தப்பவில்லை. மிக்கி ரூனி 1939 முதல் 1941 வரை அமெரிக்கத் திரையரங்குகளில் வசூலில் முதலிடத்தில் இருந்தவர். திரையில் பக்கத்து வீட்டுப் பையனாகவே இருந்தார். உலகப் போருக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அந்தப் பையனாக நடிக்கும் வயது கடந்துவிட்டது. பழைய உயரத்தை அவர் பிறகு எட்டவே இல்லை. மோலி ரிங்வால்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1984, 85, 86 என்று மூன்று ஆண்டுகளில் மூன்று பள்ளிப் பருவப் படங்கள். 18 வயதில் டைம் இதழின் அட்டையில் வந்தார். பிறகு பாரிஸுக்குப் போய்ப் பிரெஞ்சு கற்றார். எழுதினார், ஜாஸ் பாடினார், பிரெஞ்சு நூல்களை மொழிபெயர்த்தார். தொலைக்காட்சித் தொடர்களுக்குத் திரும்பியபோது பதின்பருவப் பிள்ளைகளின் அம்மாவாகத் திரும்பினார். தன்னைப் புகழேற்றிய அதே படங்களை 2018இல் மறுபடி பார்த்து, அவற்றில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கேள்வி கேட்டு நீண்ட கட்டுரை எழுதினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான். திரையில் தானாக இருந்த அந்தப் பதினாறு வயதுப் பெண்ணை அவர் வணங்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. உட்கார வைத்துப் பேசினார்.

நீங்கள் அந்தப் பதினாறு வயதுப் பையனை என்ன செய்திருக்கிறீர்கள்? டீக்கடையில் 'நான் இல்லை' என்று அவனைக் கைவிடுகிறீர்கள். மாதம் ஒருமுறை இரவு பஸ்ஸில் யாருக்கும் தெரியாமல் அவனைத் தேடிப் போகிறீர்கள். இரண்டும் ஒரே துக்கத்திலிருந்து வருகின்றன.

எங்கள் மனநல ஆலோசனைத் துறையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1960களில், பதின்பருவத்தில் 'நான் யார்' என்ற கேள்விக்கு விடை தேடும் விதங்களை வகைப்படுத்தினார். அதில் ஒன்று, தேடுவதற்கு முன்பே விடை கையில் கொடுக்கப்பட்டுவிடுவது. ஆங்கிலத்தில் identity foreclosure, அதாவது அடையாளம் முன்கூட்டியே பூட்டப்பட்டுவிடுவது. மற்றப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிப் பார்த்து, கவிதை எழுதிப் பார்த்து, ஒரு வேலையில் சேர்ந்து விட்டு விலகி மெல்ல மெல்லத் தங்களைக் கண்டுபிடிக்கும் வயதில், உங்களுக்கு ஊரே பதில் சொல்லிவிட்டது: 'நீ நடிகன்'. அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது வேறு பதிலைத் தேட யாரும் சொல்லித்தரவில்லை. மாநில அளவில் ஓடிவிட்டு 20 வயதில் முழங்கால் போன ஓட்டக்காரர்களும், மேடையில் பாடிப் புகழ்பெற்றுக் குரல் உடைந்த பிள்ளைகளும் இதே முகத்தோடுதான் என் அறைக்கு வருகிறார்கள். இது பலவீனம் இல்லை. முறையாக அழப்படாத ஒரு துக்கம். உங்கள் வீட்டில் யாரும் அதைத் துக்கமாகவே கணக்கில் எடுத்திருக்கமாட்டார்கள். 'ஒரு படமாவது நடித்தாயே' என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

ஆகவே ஆடிஷனுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள் என்று சொல்கிறேன். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. உங்கள் துணைவிக்கு இப்போது தெரிந்திருப்பதெல்லாம், கணவர் மாதம் ஓர் இரவு காணாமல் போகிறார், திரும்பி வந்ததும் இரண்டு நாள் பேசுவதில்லை என்பது மட்டும்தான். கடைக் கணக்கில் கொள்முதல் சரக்கு வராததை அவர் கவனிக்காமல் இருப்பார் என்று நினைக்கிறீர்களா? அவர் மனதுக்குள் இதைவிட மோசமான காரணங்களை நினைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கலாம். முதலில் அந்த 60,000 ரூபாயைப் பற்றிச் சொல்லுங்கள். குழந்தை தூங்கிய பிறகு, தொலைபேசியை அணைத்துவிட்டு, முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். இன்று பாதி, அடுத்த வாரம் மீதி என்று தவணையில் சொல்வது அவரைப் பல முறை காயப்படுத்தும். அவர் கோபப்படுவார். படட்டும்.

அந்தப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை கொடுப்பவர் சம்பளம் கொடுப்பார், வாங்கமாட்டார். பதிவுக் கட்டணம், ஆல்பத்துக்கு இவ்வளவு, தயாரிப்பாளரைச் சந்திக்க இவ்வளவு என்று நடிகரிடம் பணம் கேட்பவர் எவராக இருந்தாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பணம் அனுப்பிய ரசீதும் குறுஞ்செய்திகளும் இருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஏமாந்தது அவமானம் என்று மூடி வைப்பதுதான் அடுத்தவரையும் ஏமாற்ற அந்த ஆளுக்கு இடம் கொடுக்கிறது.

துணைவியோடு பேசிய பிறகு இருவருமாக ஒரு கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு எத்தனை முறை சென்னை, எவ்வளவு செலவு, எதுவரை. புதிதாகப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒப்பனை இல்லாமல், இன்றைய முகத்தோடு. உங்கள் கடிதத்தோடு வைத்திருந்த புகைப்படத்தைப் பார்த்தேன். நெற்றியில் வழியும் முடி, ஒல்லியான கழுத்து, தோளில் தொங்கும் புத்தகப் பை. இருபது வருடத்துக்கு முந்தைய படம். ஒரு மனநல ஆலோசகருக்கு எழுதும்போதுகூட அந்தப் பையனைத்தான் முன்னால் அனுப்பி வைத்திருக்கிறீர்கள் என்றால், ஆடிஷன் அறைக்குள்ளும் அவன்தான் நுழைகிறான். அங்கே இருப்பவர்கள் தேடுவதோ 39 வயது அப்பாவை, வட்டாட்சியரை, கடைக்காரரை. நீங்கள் கல்லாவில் உட்கார்ந்து ஆணிக்கும் கீலுக்கும் விலை சொல்லும் விதம் ஒரு நடிகருக்குப் பெரிய முதலீடு. அதை மறைத்துக்கொண்டு போகிறீர்கள்.

விலகிவிட வேண்டும் என்று தோன்றினால், அதுவும் மரியாதையான முடிவுதான். டியானா டர்பின் 15 வயதில் பாடி நடித்து யூனிவர்சல் நிறுவனத்தைக் கடனிலிருந்து மீட்டவர் என்று சொல்வார்கள். அமெரிக்காவிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய பெண்களில் ஒருவராக இருந்தவர், 30 வயது ஆவதற்கு முன்பே எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாரிஸுக்கு வெளியே ஒரு சிற்றூரில் குடியேறினார். 2013இல், 91 வயதில் காலமாகும்வரை திரைக்குத் திரும்பவே இல்லை. அவரை யாரும் விரட்டவில்லை. அவரே கதவைச் சாத்தினார். உங்கள் கதவை வேறு யாரோ சாத்திவிட்டார்கள். அதனால்தான் இன்னும் வாசலில் நிற்கிறீர்கள். இப்போது அதைத் திறப்பதா, தாழ் போடுவதா என்று நீங்களே முடிவு செய்யும் வயது வந்திருக்கிறது.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். மனம் துள்ளியதும் பயந்தீர்கள் அல்லவா, அந்தப் பயத்தை நம்புங்கள். அவளிடம் 'நடிக்கிறாயா?' என்று கேட்காதீர்கள். அப்பாவின் கண்ணில் இருக்கும் பசியைப் பார்த்து எந்தப் பிள்ளையும் 'சரி' என்றுதான் சொல்லும். முதலில் உங்கள் கதையை அவளிடம் சொல்லுங்கள். நூறாவது நாள் கேடயத்தை மட்டும் காட்டாமல், தொலைபேசி ஒலிக்காத அந்த ஆண்டுகளையும் சொல்லுங்கள். ஒரு வாரம் விட்டு, துணைவி பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

'சரி' என்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 14 வயது நிறைவடையாத குழந்தைக் கலைஞர்களுக்கு மத்திய அரசு 2017இல் விதிகள் கொண்டுவந்தது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, படிப்பு தடைபடக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். இணை இயக்குநரிடம் முதல் சந்திப்பிலேயே இந்த அனுமதியைப் பற்றிக் கேளுங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்' என்று அவர் சொன்னால் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். இந்த விதி 14 வயதோடு முடிந்துவிடுகிறது. அவள் அந்த வயதைத் தாண்டினாலும் வீட்டில் நீங்கள் அந்த விதியையே கடைப்பிடியுங்கள். 20 சதவீதம் என்பது குறைந்தபட்சம்தான். முழுத் தொகையையும் அவள் பெயரில் போட உங்களை யாரும் தடுக்கப்போவதில்லை.

குழந்தை நடிகரின் வருமானத்தைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் வருவதற்கே ஒரு பிள்ளையின் இழப்பு தேவைப்பட்டது. சாப்ளினோடு 1921இல் 'த கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், சிறுவயதில் லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தார். 21 வயதில் கேட்டபோது பணம் இல்லை. தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்டார்கள். 1938இல் சொந்தத் தாய்மீதே வழக்குப் போட வேண்டிவந்தது. சம்பாதித்ததில் ஒரு சிறு பங்குதான் கிடைத்தது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டத்தை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்து அவர் மொட்டைத் தலையும் கறுப்பு அங்கியுமாக, 'ஆடம்ஸ் ஃபேமிலி' தொலைக்காட்சித் தொடரின் ஃபெஸ்டர் மாமாவாகத் திரும்பி வந்தார். அந்த முகத்தில் சாப்ளினின் பையனை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

உங்கள் சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது, அப்பாதான் வாங்கினார், அந்த ஆண்டுதான் வீட்டு மாடி எழும்பியது என்று கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தீர்கள். அப்பா உயிரோடு இருந்தால் ஒரு நாள் அமைதியாக அவரிடம் கேளுங்கள். பணத்தைத் திரும்ப வாங்குவதற்காக அல்ல. அது உங்கள் உழைப்பில் எழுந்த மாடி என்று ஒருவராவது உங்களிடம் சொல்ல வேண்டும்.

தூக்கம் இல்லாததை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் ஊர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் மனம் கட்டுக்கு அடங்காதபோது 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் இலவசச் சேவை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கடைசியாக, ஏன் எழுதினீர்கள் என்று தெரியவில்லை என்றீர்களே, அந்தக் குரல். கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். டப்பிங் முடிந்த பிறகு முதல் காட்சியை ஊர்த் திரையரங்கில் பார்த்தபோது, உங்கள் வாயிலிருந்து வேறொருவர் பேசுவதைக் கேட்டு நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்த நண்பர்கள் கைதட்டியதால் வெளியே சொல்லவில்லை என்றும். அன்று முதல் இன்றுவரை மக்கள் நினைவு வைத்திருக்கும் 'அந்தப் பையன்' பாதி உங்களுடையவன், பாதி வேறொருவருடையவன். அவனாகத் திரும்பி வர உங்களால் முடியாமல் போனதில் ஆச்சரியம் என்ன?

மக்கள் நினைவு வைத்திருக்கும் அந்தப் படத்தில் உங்கள் குரலை எந்தப் பார்வையாளரும் கேட்டதில்லை. சேலத்தில் நாடகம் போடும் குழு எதுவாக இருந்தாலும் விசாரியுங்கள். சென்னைக்குப் போகும் நாளில் ஆடிஷனோடு சேர்த்து, 1977 முதல் நடிகர்களை உருவாக்கிவரும் கூத்துப்பட்டறையில் ஒரு நிகழ்வையும் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கெல்லாம் முன்னால் இன்று இரவே ஒன்று செய்யலாம். மகளின் தமிழ்ப் பாடநூலை எடுத்து ஒரு பக்கத்தை அவளுக்கும் அம்மாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் அவர்கள் முகத்தைப் பாருங்கள். அடுத்த கடிதத்தில், இன்றைய புகைப்படத்தோடு, அதைப் பற்றி எழுதுங்கள்.